பானட் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்

மலையிலிருந்து கீழே இறங்கிப் போய்ப் பழைய டபுள் கேபின் பிக்கப் வாங்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 4,60,000 ரூபாய்க்கு வாங்கிய வண்டி இப்போது கோத்தகிரியில் ஒரு ஒர்க்‌ஷாப் கொட்டகையில் நாலு கல்லின் மேல் நிற்கிறது. விற்ற இடத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். வண்டி மாடல் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. பொலிரோ கேம்பர் எங்கள் பக்கம் எத்தனையோ பேரிடம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கெட்டது வாங்கிய விதம்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை, அதை ஒட்டி அரை ஏக்கரில் கேரட்டும் பீன்ஸும். வீட்டில் என் பிள்ளைகள் இருவர், அண்ணன் மகள் ஒருத்தி. காலையில் மூன்று பேரையும் பள்ளியில் விட வேண்டும், பிறகு கொழுந்து மூட்டையை ஃபேக்டரிக்குக் கொண்டுபோக வேண்டும், வாரம் ஒரு முறை காய் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். இதோடு மருந்தடிக்க 500 லிட்டர் டேங்க் வைத்த இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று இருக்கிறது, தோட்டத்துப் பாதையில் அதையும் இழுக்க வேண்டும். ஒரே வண்டியில் இத்தனையும் நடக்க வேண்டும் என்றால் கேம்பர்தான் என்று முடிவு செய்தோம்.

மேலே ஓடின வண்டியை எடுக்காதே, கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், கீழே சமதளத்தில் ஓடினதைப் பார் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். நான் அதை நம்புகிறேன் என்பது புரோக்கருக்கு போனில் பேசிய இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது. “மலையே ஏறாத வண்டிங்கண்ணா. தோப்புக்காரர் ஒருத்தர் வெச்சிருந்தது, தேங்காய் எடுக்க மட்டும்தான். கண்ணை மூடிட்டு எடுக்கலாம்” என்றார். கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

2014 மாடல், மீட்டரில் 78,000 கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்கு நானும் மச்சானும் போய்ச் சேர்ந்தபோது வண்டி கழுவித் துடைத்து நின்றது. மச்சான் பானட்டில் கை வைத்துவிட்டு, “மாமா, சூடா இருக்கே” என்றான். “இப்பத்தான் தண்ணி அடிக்க எடுத்துட்டுப் போனோம்” என்றார் புரோக்கர். அந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். எப்படிப்பட்ட இன்ஜினும் சூடான பிறகு ஒழுங்காகத்தான் ஸ்டார்ட் ஆகும். பிஸ்டன் ரிங் தேய்ந்த டீசல் இன்ஜினின் குணம் தெரிய வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். அதை எனக்கு முன்னால் அவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள்.

ட்ரயலுக்கு நாலு வழிச் சாலையில் மூன்று கிலோமீட்டர் கூட்டிப் போனார்கள். எண்ணெய் ஊற்றின மாதிரி ஓடியது. அதுவும் உண்மையாகவே இருந்திருக்கலாம், தேவைக்கு மேல் கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கெட்டி ஆயில் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாளைக்கு அமுக்கி வைக்கும்.

என்னை மயக்கியது பின்னால் இருந்த ஹூக். டிரெய்லர் மாட்டத் தனியாக ஹூக் அடிக்கும் செலவு மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். தேங்காய் எடுக்கிற வண்டிக்கு எதற்கு இழுக்கிற ஹூக் என்று கேட்கத் தோன்றவில்லை. பிரேக் பெடலின் ரப்பர் புத்தம் புதுசாக இருந்தது, பக்கத்தில் ஆக்ஸிலரேட்டர் பெடல் தேய்ந்து இரும்பு பளபளத்தது, நிறைய ஓடின வண்டி என்பதற்கு அடையாளம். அதையும் பார்த்தேன். பார்த்து என்ன பயன்?

அன்று மாலையே ஓட்டிக்கொண்டு ஏறினோம். குஞ்சப்பனை தாண்டியதும் சூட்டு முள் மேலே போக ஆரம்பித்தது. வெறும் வண்டி, இரண்டே பேர். புது வண்டி, ஏறிப் பழகட்டும் என்று சொல்லிக்கொண்டேன், பத்து வருடத்து வண்டியை! உண்மையில் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் செத்துப் போயிருந்தது. அந்த மூடி அழுத்தம் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் கோத்தகிரி உயரத்தில் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே தட்டிக்கழித்து ஓடிவிடுகிற கோளாறு மேலே வந்ததும் காட்டிக்கொடுப்பது இப்படித்தான்.

மறுநாள் காலை ஆறே காலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தை மாதக் குளிர். செல்ஃப் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், ஏற்கனவே போன இன்ஜினுக்குக் குளிரும் மெல்லிய காற்றும் சேர்ந்தால் வேறு என்ன ஆகும். பிள்ளைகள் யூனிஃபார்மில் நிற்க, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினோம். எங்கள் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை, இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டது. புரோக்கருக்கு போன் போட்டேன். “பேட்டரி வீக்கா இருக்கும், மாத்திப் பாருங்கண்ணா.” மாற்றினேன், 6,500 ரூபாய். மறுநாளும் தள்ளினோம்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். இனி சொல்லப்போவது அப்படியில்லை.

மாசி மகத்துக்குக் காரமடை தேர் பார்க்கலாம் என்று கிளம்பினோம். போகிற வழியில் மண்டியில் இறக்க 700 கிலோ கேரட் பின்னால். பின்சீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். அரவேனு தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் கருகின வாசம். முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்தது போல உள்ளே போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கினேன், இன்ஜின் அலறியது, வேகம் பாதியாகக் குறைந்ததும் முதல் கியர். பள்ளத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. இடது முன் சக்கரத்தை மலைப்பக்க ஓடையில் இறக்கி மண்சுவரில் உரச விட்டேன். சுமார் முப்பது அடி உரசிக்கொண்டே போய் நின்றது. சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான், எழவே இல்லை. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளை இறக்கி, அடுத்து வந்த அரசுப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு மேலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

பின்சீட்டில் பெல்ட்டே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். புது சீட் கவரைப் போட்டு மறைத்திருந்தார்கள், அடியில் கொக்கி மட்டும் இருந்தது.

மெக்கானிக் அண்ணன் வண்டியை ஏற்றிவைத்துப் பின் டிரம்மைக் கழற்றியபோது பிரேக் லைனர் இரண்டும் கிரவுன் ஆயிலில், அதாவது பின் ஆக்ஸிலில் இருக்கும் கியர் எண்ணெயில், ஊறிக் கிடந்தன. ஆக்ஸிலில் ஆயில் சீல் போய், உள்ளே இருக்கிற எண்ணெய் மெதுவாகக் கசிந்து டிரம்முக்குள் வந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் அதே பின் டிரம்மைத்தான் பிடிக்கும், அதனால்தான் அதுவும் கைவிட்டது. பின்னால் பிடிக்காத பாரம் முழுக்க முன் பிரேக் மேல் விழுந்து, அது சூடேறி, மாற்றாமலே கிடந்த கறுப்புப் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சாகிவிட்டது. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்துப் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

பிறகு அண்ணன் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அடிப்பக்கம் முழுக்க பளிச்சென்று கறுப்புப் பெயிண்ட். வாங்கும்போது நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன். ஹூக்குக்குப் பக்கத்தில் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது, அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தார். “சிமெண்ட்டுப்பா. கலவை மெஷின் இழுத்த வண்டி இது.” இன்னும் கொஞ்சம் முன்னால், பின்பட்டை (ஸ்பிரிங் பட்டை) தொங்கும் பிராக்கெட் பக்கம் சுரண்டினார். சேஸில் ஒரு சாண் நீளத்துக்குப் புழு நெளிந்தது போல வெல்டிங். விரிசல் விட்ட சேஸை ஒட்டவைத்திருக்கிறார்கள். பாரத்துக்காக இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றியிருந்ததையும் காட்டினார், மற்றவற்றைவிடத் தடிமன், துருவின் நிறமே வேறு. நான் ஆசைப்பட்ட அந்த ஹூக்தான் வண்டியின் முழு ஜாதகமும். அதுவும் சேஸில் போல்ட் போட்டு மாட்டினதில்லை, பம்பர் பிராக்கெட்டில் வெல்டிங் வைத்தது. அதில் டேங்க்கை மாட்டித்தான் ஒரு வாரம் தோட்டத்தில் இழுத்திருக்கிறேன். பாதி நிரம்பிய டேங்க் வளைவில் எப்படி அலம்பித் தள்ளும் என்பது இழுத்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். இட்லிச் சட்டியைத் திறந்தது போலப் புகை குப்குப்பென்று வந்தது. பேக் கம்ப்ரஷன், தேய்ந்த ரிங் வழியாக அழுத்தம் கீழே கசிவது. வாங்கும் அன்று அரை நிமிடத்தில் நானே திறந்து பார்த்திருக்கலாம். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் 27,000 ரூபாய் ஆனது, இன்ஜினுக்கு 85,000 சொன்னார். “சேஸுக்கு நான் பொறுப்பு எடுக்க மாட்டேன், பிள்ளைங்களை இதில் ஏத்தாதே” என்றார். அதனால்தான் கல் மேல் நிற்கிறது.

கீழே போய்க் கேட்டேன். “பார்த்து ஓட்டித்தானே எடுத்தீங்க” என்றார்கள். கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது, படிக்காமல் போட்டிருக்கிறேன். அதோடு ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நீங்கவில்லை. கடன் முடிந்ததைக் காட்டும் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் “வந்துடும்ங்கண்ணா” என்கிற நிலையிலேயே இருக்கின்றன. அவை வராமல் பெயர் மாற்றும் 29, 30 படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணை அடித்திருந்தால் வாங்குவதற்கு முந்தின நாளே தெரிந்திருக்கும். எட்டு வருடம் தாண்டிய மஞ்சள் போர்டு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். இதற்கு இரண்டே மாதம்தான் மிச்சம் இருந்தது. அவசரமாகத் தள்ளிவிட்டதன் காரணம் அதுவாகத்தான் இருக்கும். இந்த சேஸோடு எந்த இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நிற்பது?

மஞ்சள் போர்டு பற்றி இன்னொன்று. கேம்பரில் பின்சீட் இருப்பதால் குடும்ப வண்டி மாதிரி தெரியும், ஆனால் காகிதத்தில் அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் ஆளுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டாயம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. பாலிசியில் உங்கள் பிள்ளைகளுக்குக் கவர் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டதும் அந்த ஓடையில் உரசிய பிறகுதான்.

1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொன்னேன், பிறகு ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். விற்றவர் கீழே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சொந்தப் பிழைப்புக்கு வாங்கியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் சிட்டா, கொழுந்து போட்ட ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். சுரண்டிய இடத்தைப் போட்டோ எடுத்து மெக்கானிக்கிடம் எழுதியும் வாங்கியாயிற்று.

இதற்கிடையில் வேறு வண்டி தேடாமல் இருக்க முடியவில்லை, பிள்ளைகள் பள்ளி ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகிறார்கள். போன வாரம் ஒரு கேம்பர் இருக்கிறது என்று ஒருவர் கூப்பிட்டார். ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், அரை டன் பாரம் வைத்து குஞ்சப்பனை வரை ஏறி இறங்கிப் பார்க்கணும், எங்கள் மெக்கானிக்கும் கூட வருவார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஞாயித்துக்கிழமை வேண்டாம்ங்க, ஒரு பார்ட்டி அட்வான்ஸ் குடுக்கறதா சொல்லியிருக்காங்க” என்றார். அந்த விளம்பரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, விலைதான் 20,000 குறைந்திருக்கிறது.