கோப்புகளைக் காக்க எந்தத் தகடு?

கணினிக் கோப்புகளைத் தகட்டில் எழுதி வைக்க நினைப்பவர் முதலில் கேட்பது கொள்ளளவைத்தான். சிடி-ஆர் 700 எம்பி, ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஒற்றை அடுக்கு ப்ளூ-ரே 25 ஜிபி. ஆனால் கடற்காற்றின் ஈரம் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும், சென்னையின் காசிமேடு, திருவொற்றியூர் போன்ற பகுதிகளில், தகடு எவ்வளவு கொள்ளும் என்பதைவிட எவ்வளவு காலம் தாங்கும் என்பதே முக்கியம்.

அந்த வகையில் சிடி-ஆரை ஒதுக்கிவிடலாம். அதன் உலோகப் பூச்சு, பெயர் எழுதும் பக்கத்தில் ஒரு மெல்லிய மேற்பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே சேதமாகலாம்; மேற்பூச்சு விட்டுப்போனால் ஈரம் புகுந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கும். டிவிடியில் அந்தப் பூச்சு, தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் வட்டுகளுக்கு நடுவே பாதுகாப்பாக இருக்கிறது.

எழுதத்தக்க டிவிடியில் மைனஸ் (DVD-R), பிளஸ் (DVD+R) என இரண்டு வகைகள் உண்டு. 1997இல் பயனியர் கொண்டுவந்த மைனஸ் வகையைப் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் ஏற்கும் என்பதால், டிவியில் ஓட்டும் கல்யாண வீடியோவுக்கு அது பொருந்தும். 2002இல் வந்த பிளஸ் வகையிலோ, எழுதும் தடத்தின் நெளிவிலேயே இடத்தைக் குறிக்கும் முகவரி பதிந்திருப்பதால் எழுதும் லேசர் தன் இடத்தைத் துல்லியமாக அறிகிறது. வெறும் தரவுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். சுமார் 1000 முறை அழித்து எழுதத்தக்க ஆர்டபிள்யூ தகடுகள் அன்றாட வேலைக்கானவை. ஆண்டுக்கணக்கில் காக்க வேண்டியதை அவற்றில் வைக்கக் கூடாது.

இருப்பினும் ஒருமுறை மட்டும் எழுதும் மைனஸ், பிளஸ் டிவிடிகள் இரண்டிலும் தரவைத் தாங்குவது கரிமச் சாயம்தான். வெயிலும் வெப்பமும் அதைக் கெடுக்கும். ப்ளூ-ரேயின் எச்டிஎல் (HTL) வகையில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் இருப்பதால், குடும்ப ஆவணங்களுக்கும் ஸ்டூடியோக்களின் மூலப் படங்களுக்கும் அதுவே என் தேர்வு. ஆனால் எல்லா ப்ளூ-ரேயும் அப்படியல்ல. எல்டிஎச் (LTH) வகை மீண்டும் சாயத்தையே நம்புகிறது. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கும்போது, உறையில் 'LTH' என்று அச்சிட்டிருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். ப்ளூ-ரேயின் பதிவுப் படலம் படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே தகட்டோடு நல்ல டிரைவ் ஒன்றையும் இப்போதே வாங்கிவைப்பது நல்லது. எழுதி முடித்ததும் சரிபார்ப்பை ஓடவிட்டு, 2023 டிசம்பர் போன்ற வெள்ளம் எட்டாத வேறொரு வீட்டில் இரண்டாவது பிரதியை வையுங்கள்.