மன்றோத்துருத்தா, கொச்சியா, வேம்பநாட்டுக் காயலா? தனியாகப் போகிறவளுக்கு எது தோது

செங்கோட்டையில் நடுராத்திரி தாண்டிப் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால், மூன்று தீவுக்கூட்டங்களின் வாசலிலும் அது நிற்கும். விடியுமுன் மன்றோத்துருத்துக்குக் கொல்லம், வெளிச்சம் வந்தபின் வேம்பநாட்டுக் காயலுக்குக் கோட்டயம், அதற்கப்புறம் கொச்சிக்கு எர்ணாகுளம். எங்கள் ஆரியங்காவுப் பக்கத்து அருவியின் பெயரைச் சுமந்து ஓடுகிற ரயில் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, "அக்கா, மூணு நாள் லீவு. ரெண்டாயிரம் ரூவா சேத்து வச்சிருக்கேன். தனியாத்தான் போறேன். எங்க இறங்கட்டும்?" என்று கேட்டாள். மூன்று பக்கமும் தனியாகப் போய்வந்தவள் நான். அவளிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

லட்சத்தீவை முதலிலேயே தள்ளிவிடலாம். நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ போக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு அது எட்டாது.

மற்ற மூன்றுக்கும் டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 1968-லிருந்து படகு ஓட்டுகிறது, அங்கே அதைப் 'போட்டு' என்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் ஓடுகிற போட்டு அது. அதில் ஓரமாக நாமும் உட்கார்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான். நம் கையிலுள்ள காசைக் கரைப்பது வேறு. தலைக்கு இவ்வளவு என்று வாங்காமல், வள்ளத்துக்கு, அதாவது ஒரு சிறு படகுக்கு, இவ்வளவு என்று வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. நாலு பேர் பங்கு போட்டால் மலிவு. ஒருத்தியாகப் போனால் நாலு பேர் காசையும் அவளே கொடுக்க வேண்டும். போட்டை விட்டு இறங்கினதும் பஸ் நிற்கிறதா, கடைசிப் போட்டைத் தவறவிட்டால் ராத்திரி எங்கே தங்குவது, இந்த இரண்டும் அதற்கு அடுத்த கேள்விகள்.

முதல்முறை தனியாகக் கிளம்புகிறவளுக்குக் கொச்சியைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அங்கே எல்லாமே தலைக்கணக்கு. எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் போட்டு சில்லறைக் காசில் போகிறது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு, லாரியையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும் ரோ-ரோ ஜங்கார் 2018-லிருந்து ஓடுகிறது. ஏறி நின்று காற்று வாங்குவதற்குள் அக்கரை வந்துவிடும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவுக்குத் தொடக்கத்தில் வைத்த கட்டணம் 20 முதல் 40 ரூபாய் வரை. பேட்டரியில் ஓடுகிற ஏசி படகு. சத்தமில்லை, டீசல் வாடை இல்லை. சுத்தமாக இருக்கிறது, ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காயலைப் பார்ப்பது எனக்கு நிறைவாக இல்லை. ஒருமுறை அதில் போய், திரும்பும்போது பழைய போட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தால் வித்தியாசம் புரியும்.

வைப்பின் ஜெட்டியிலிருந்து முனம்பம் வரை பஸ் இருக்கிறது, ஒரு பஸ் போனால் பின்னாலேயே அடுத்தது வரும். சேராயில் இறங்கினால் கடற்கரை. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்து, கொச்சித் துறைமுகத்தைத் திறந்து, இந்தத் தீவையும் எழுப்பியது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வந்தபின் வைப்பினும் வல்லார்பாடமும் போல்காட்டியும் நகரத்தோடு ஒட்டிக்கொண்டன. கொச்சியின் பலமும் பலவீனமும் இதுவே. கடைசிப் போட்டு போய்விட்டாலும் பாலம் வழியாக பஸ்ஸில் திரும்பலாம், பயமில்லை. தீவில் இருக்கிறோம் என்ற நினைப்புதான் வராது. தங்கும் செலவும் மூன்றில் இங்கே அதிகம், முக்கியமாக டிசம்பரில்.

வேம்பநாட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். சொல்ல எனக்கு நிறைய இருப்பது இங்கேதான்.

ஆலப்புழை என்றதும் எல்லாருக்கும் ஹவுஸ்போட்டு ஞாபகம் வரும். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், தனியாகப் போகிறவளுக்கு அது வேண்டவே வேண்டாம். அது நகரும் அதே தண்ணீரில் அரசுப் போட்டு, கோட்டயத்துக்கும் ஆலப்புழைக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவான காசு. கோட்டயம் பக்கத்தில் வாய்க்கால் குறுகலாக இருக்கும். குறுக்கே கிடக்கும் மரப்பாலத்தைக் கரையிலிருக்கிறவர் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தூக்குவார், போட்டு அடியில் நுழைந்து போகும். முதல்முறை பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பிறகு காயல் விரியும். ஆர் பிளாக் என்கிற வயல்பகுதி வந்ததும் வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். நாம் மிதக்கிற தண்ணீர் மட்டத்துக்கும் கீழே நெல் வயல் கிடக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நாற்று நட்டு அறுக்கிற ஊர் அது. வாய்க்கால் நிலைமையைப் பொறுத்து, கோட்டயத்தில் கோடிமதைக்குப் பதில் காஞ்ஞிரம் ஜெட்டியிலிருந்து போட்டு கிளம்புவதுண்டு. ஆட்டோ ஏறுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆலப்புழை ஜெட்டியில் இறங்கினால் பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம். தனியாக, தோளில் பையோடு வருகிறவளுக்கு இந்த ஒரு வசதியே பாதி நிம்மதி. அங்கிருந்து முஹம்மைக்கு பஸ். முஹம்மையிலிருந்து குமரகத்துக்குக் காயலைக் குறுக்கே கடக்கும் போட்டு. வழியில் ஆள் குடியில்லாத பாதிராமணல் தீவு தெரியும். இந்தத் துறையில்தான் 2002 ஜூலை 27-ஆம் தேதி போட்டு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். பலர் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதக் கிளம்பியவர்கள். கூட்டம் வழிகிற போட்டில் நான் ஏறுவதில்லை. அடுத்தது வரட்டும் என்று ஜெட்டியில் உட்கார்ந்துவிடுவேன். நீயும் அப்படியே செய் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இன்னொரு கடவு வைக்கம். சேர்த்தலையிலிருந்து பஸ்ஸில் தவணக்கடவு போனால், இந்தியாவின் முதல் சூரியசக்திப் படகான ஆதித்யா 2017-லிருந்து ஓடும் துறை. பெரியார் சிறைக்குப் போன 1924 போராட்டத்தின் ஊருக்குத் தண்ணீர் வழியாகப் போய் இறங்குவது தமிழ் படித்த யாருக்கும் சிலிர்ப்பைத் தரும். 1925-ல் காந்தி வந்து இறங்கியதும் வைக்கம் ஜெட்டியில்தான். பெரியார் நினைவிடமும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் பஸ் உண்டு. ஆக, போன வழியிலேயே திரும்பாமல் ஒரு வட்டம் போட்டு வரலாம். தெருவோரம் 'ஊணு' (சாப்பாடு) என்று பலகை தொங்குகிற வீட்டில் சாப்பிட்டால் வயிறும் நிறையும். கரிமீனைத் தொடாதே, விலை அதிகம். மத்தி வறுவல் கேள்.

மன்றோத்துருத்து இந்தக் கணக்கில் தோற்றுவிடும். எனக்கு மிகப் பிடித்த இடமும் அதுதான்.

துருத்து என்பது நம் துருத்திதான், ஆற்றுக்கு நடுவில் எழும் திட்டு. திருப்பூந்துருத்தியில் இருக்கிறதே, அதே சொல். மன்றோ என்பது 1810-களில் திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர். எங்கள் மலைகளின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு போகிற கல்லடையாறு, அஷ்டமுடிக் காயலில் விழும் இடத்தில் கொட்டிய வண்டல்தான் அந்தத் தீவு. கொல்லத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் மன்றோத்துருத்து ஸ்டேஷனிலேயே இறங்கலாம். குண்டறை வழியாக பஸ்ஸும் உண்டு. போய்ச் சேருவது மலிவு. ஆனால் தீவின் அழகெல்லாம் தோடு என்று அவர்கள் சொல்கிற சிறு வாய்க்கால்களுக்குள்ளே இருக்கிறது. கழி ஊன்றிப் போகிற வள்ளத்தில்தான் அங்கே நுழைய முடியும், அதற்கு வாடகை வள்ளக்கணக்கு. விடியற்காலை வள்ளம்தான் நல்லது, ஆகவே முந்தின ராத்திரி அங்கே தங்கவும் வேண்டும். தனி ஆளுக்கு இரண்டு செலவும் முழுசாக விழும்.

ஆனாலும் போக வேண்டும் என்பேன். அந்தத் தீவு தாழ்ந்துகொண்டிருக்கிறது. கடல் ஏறுகிற வேலியேற்றத்தில் உப்புத்தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது, சுவர் அடியிலிருந்து உதிர்கிறது, தென்னை காய்ப்பை நிறுத்துகிறது. காரணம் பல சொல்கிறார்கள். 1980-களில் தென்மலை அணை வந்தபின் வெள்ளத்தோடு வண்டல் இறங்குவது குறைந்தது அவற்றில் ஒன்று. ஒரு வீட்டம்மா திண்ணையில் உட்காரச் சொல்லி எனக்குக் கட்டன்சாயா (பால் விடாத டீ) கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். ஆரியங்காவு, தென்மலைக்கு மேலே என்றேன். "அப்போ எங்க மண்ணு உங்க பக்கம்தானே நிக்குது" என்றார், தமிழும் மலையாளமும் கலந்து, கோபமே இல்லாமல். குளத்துப்புழையும் செந்துருணியும் அடித்துவரும் மண்ணை அணை பிடித்துவைத்திருப்பதைத் தினம் பஸ்ஸில் கடந்துபோகிறவள் நான். அன்றுவரை அதை இன்னொருத்தர் வீட்டு அஸ்திவாரமாக நினைத்துப் பார்த்ததில்லை.

எங்கே இறங்கினாலும் முதல் வேலையாக, கடைசிப் போட்டு எத்தனை மணிக்கு என்று ஜெட்டி ஆளிடமே கேட்க வேண்டும். பலகையில் எழுதியிருப்பதை நம்பி ஒருநாள் சாயங்காலம் முழுக்க நின்றிருக்கிறேன். மிதுனம், கர்க்கடக (நம் ஆனி, ஆடி) மாத மழையில் காயல் பக்கம் போகவே வேண்டாம்.

அந்தப் பெண் கோட்டயத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். மன்றோத்துருத்துக்கு அடுத்த லீவில் நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் என்றால் வள்ளக் காசு பாதி.