சீட் கவருக்கு அடியில் காணாமல் போன பக்கிள்

விமானம், பெட்டி, இமிக்ரேஷன் எதைப் பற்றியும் இந்த முறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் எழுத உட்கார்ந்ததே வாடகைக் காரின் பின்சீட்டைப் பற்றித்தான்.

மகளுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அமெரிக்காவில் அவள் பின்பக்கம் பார்த்து உட்காரும், குழந்தைகளுக்கான கார் சீட்டையே ஊருக்கும் கொண்டுவந்திருந்தோம். வண்டி பேசும்போதே, பின்னால் பெல்ட் வேலை செய்யுமா என்று கேட்டேன். "எல்லாம் பக்காவா இருக்கும் மேடம்" என்றார்கள்.

வண்டி வந்தது. தோள் பெல்ட் தொங்குகிறது, அதை மாட்டும் பக்கிளைக் காணோம். இருக்கை முழுக்கத் தடிமனான ரெக்சின் கவர், உள்ளே மெத்தென்று ஸ்பாஞ்ச், பக்கிள்கள் எல்லாம் அதற்கு அடியில். ஒரு ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டு ஒன்றை வெளியே இழுத்தோம். சீட்டை வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஓரங்கள் மேடு, உட்காரும் இடம் பள்ளம், நடுவில் ஒரு திண்டு, அதற்கும் மேல் வழுக்குகிற கவர். எவ்வளவு இறுக்கினாலும் ஸ்பாஞ்ச் அமுங்கி பெல்ட் மறுபடி தளர்ந்துவிடுகிறது. டிரைவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "பாப்பாவ மடியில வச்சுக்கோங்க, நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றார்.

நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தான். அம்பாசடரில் பெரியவர்கள் மடியிலும் கால்களுக்கு நடுவிலும் அடைந்துகொண்டு போன பயணங்களை நினைத்தால் இன்றும் மனசு இளகும். ஆனால் திடீர் பிரேக்கில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. அந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் கோபம்.

மறுநாள் வேறொருவர் வந்தார், அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக. விஷயத்தைச் சொன்னதும் அந்த அண்ணா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, கவரின் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மொத்தக் கவரையும் உருவி டிக்கியில் போட்டார். அடியில் கம்பெனி கொடுத்த துணி சீட். அப்போதே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குத்தான் நேரம் பிடித்தது. நடு இடத்தில் இடுப்பு பெல்ட் மட்டும், திண்டு வேறு. அதனால் இடது ஓரத்தைத் தேர்ந்தெடுத்தோம், அங்கேதான் சீட்டின் அடிப்பாகம் முழுசாகப் படிந்தது. கார் சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடு உண்டு, அது தரைக்கு இணையாக நிற்க வேண்டும். இருக்கை பின்பக்கம் சரிவாக இருந்ததால் எங்களுக்கு அது நிற்கவில்லை, குழந்தை ரொம்ப நிமிர்ந்து உட்காரும்படி ஆனது. சீட்டோடு வந்த கையேடு அனுமதித்திருந்தபடி ஒரு துண்டை இறுகச் சுருட்டி, இருக்கையும் முதுகுப் பகுதியும் சேரும் மடிப்பில் வைத்தோம். கோடு சரியாக வந்தது. துண்டு இந்தச் சாய்வுக்கு மட்டும்தான். மெத்தைபோல அடியில் விரித்தால் முதல் நாள் ஸ்பாஞ்ச் கதைதான்.

அப்புறம் பெல்ட். அமெரிக்கக் கார்களில் 1996 மாடலிலிருந்து பின்சீட் பெல்ட்டைப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துவிட்டால் போதும், உள்ளே போகும்போது அதுவே பூட்டிக்கொள்ளும். இந்த வண்டியின் பெல்ட் பிரேக் அடித்தால்தான் பிடிக்கும், மற்ற நேரம் தாராளமாக நீளும். இதற்காகவே எச் வடிவத்தில் ஒரு சின்ன இரும்புக் கிளிப் உண்டு. அண்ணா கையை ஊன்றி சீட்டை அழுத்த, நான் பெல்ட்டை இழுத்து, பக்கிளில் மாட்டும் இரும்பு நாக்கிலிருந்து ஒரு அங்குலத்துக்குள், இடுப்புப் பட்டை, தோள் பட்டை இரண்டையும் அந்தக் கிளிப்பில் கோத்தேன். கழற்றி மாட்டிப் பார்த்தோம், நகரவில்லை.

அப்பா வந்து சீட்டின் தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டி, "ஆடுதேம்மா" என்றார். பின்பக்கம் பார்க்கும் சீட்டில் தலைப்பக்கம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். பெல்ட் நுழைகிற இடத்தில்தான் பிடித்துப் பார்க்க வேண்டும், அங்கே எந்தப் பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அங்கே ஆட்டிக் காட்டியதும் அவருக்கு நிம்மதி.

அமெரிக்காவில் பல ஊர்களில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள். அந்த ஏற்பாடு ஊரில் இல்லையே என்று முதல் நாள் எனக்கு எரிச்சல். ஆனால் அங்கே யாரும் தன் வண்டியின் கவரை எனக்காக உருவிப் போட்டதில்லை.

குழந்தையோடு போகிறவர்கள் வண்டி பேசும்போது "பெல்ட் இருக்கா" என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். கவர் கழற்ற முடியுமா என்று கேளுங்கள், பக்கிள் தெரியும்படி பின்சீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.