கம்பெனி டெபாசிட்: ஐந்து வருடம் போட்டு எடுத்தபின்

ரிட்டயர் ஆனபோது வந்த பி.எஃப். பணத்தில் 4 லட்சத்தை ஒரு வீட்டுக் கடன் கம்பெனியில் ஐந்து வருட டெபாசிட்டாகப் போட்டிருந்தேன். போன மாதம் முதிர்ந்தது. வட்டி ஒரு தடவைகூடத் தேதி தவறவில்லை, அசலும் முழுசாக வந்தது. வங்கியைவிட ஒரு சதவீதம் கூடுதல். சேவையில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனாலும், "அப்படியே புதுப்பிச்சிடலாமாம்மா?" என்று ஏஜென்ட் தம்பி கேட்டபோது வேண்டாம் என்றேன். காரணம் டி.எச்.எஃப்.எல். அதுவும் இதே மாதிரி டெபாசிட் வாங்கிய ஒரு வீட்டுக் கடன் கம்பெனிதான்.

2019 தொடக்கத்தில் அதற்கு டிரிபிள் ஏ ரேட்டிங், அதாவது மிகப் பாதுகாப்பானது என்ற மதிப்பீடு. ஜூனில் 'டி', அதாவது கடனைத் திருப்பித் தரத் தவறிய நிலை. நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவையே நீக்கியது. திவால் சட்டத்தின் கீழ் போன முதல் நிதி நிறுவனம் அதுதான். அது கொடுக்க வேண்டியதாக ஏற்கப்பட்ட கடன் பாக்கி சுமார் 87,000 கோடி ரூபாய். 2021இல் பிரமல் குழுமம் 34,250 கோடிக்கு எடுத்தது. அதில் ரொக்கம் பாதிகூட இல்லை, பெரும்பகுதி 6.75% வட்டியில் பத்து வருடக் கடன் பத்திரம், அதாவது பிறகு தருகிறேன் என்ற வாக்கு.

இந்த இடம்தான் எனக்குப் பிடிபடப் பல நாள் ஆயிற்று. ஒரு ஆலை திவாலானால் துருப்பிடித்த இயந்திரம்தான் மிஞ்சும். கடன் கொடுக்கும் கம்பெனி அப்படியில்லை. அது விழுந்தாலும், வீடு வாங்கியவர் மாதத் தவணையைக் கட்டிக்கொண்டேதான் இருப்பார், கட்டாவிட்டால் வீடு போய்விடுமே. அந்தக் கடன்களைக் குறைந்த விலைக்கு எடுப்பவருக்கு முதல் மாதத்திலிருந்தே வசூல். பத்திரங்களுக்கான வட்டியை அந்த வசூலிலேயே கொடுக்கலாம்.

இதற்கும் மேல் ஒன்று. முறைகேடாக வெளியே போனதாகச் சொல்லப்பட்ட சுமார் 45,000 கோடியை மீட்கும் உரிமைக்கு, பிரமல் எடுத்துக்கொண்ட அந்தத் திட்டத்தில் போட்ட மதிப்பு 1 ரூபாய். எவ்வளவு மீண்டாலும் அது வாங்கியவருக்கே. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரியென்றது. சட்டப்படிதான் நடந்தது, மறுக்கவில்லை. என் மனம் ஆறாதது டெபாசிட்காரர்களை நினைத்துத்தான். 2 லட்சத்துக்கு மேல் போட்டிருந்தவர்களுக்கு 100 ரூபாய்க்கு 23 ரூபாய் அளவில்தான் கிடைத்தது. திட்டத்தை ஏற்பதா என்று முடிவெடுக்கையில் கடன் தொகைக்கு ஏற்பத்தான் ஓட்டு என்பதால், ஆயிரக்கணக்கில் இருந்தும் அவர்கள் பேச்சு எடுபடவில்லை.

வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, கம்பெனி டெபாசிட்டுக்குக் கிடையாது. அந்த ஒரு சதவீதம் எனக்கு வருடத்துக்கு 4,000 ரூபாய்.

"அவசரம்னா நடுவுல எடுத்துக்கலாம்மா" என்றார் தம்பி. நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை, விதியும் அப்படித்தான். ஆனால் 2019 மே மாதம் டி.எச்.எஃப்.எல். முதலில் நிறுத்தியதே அதைத்தான்: முதிர்வுக்கு முன் பணம் எடுப்பது. இப்போது என் பணம் தபால் ஆபீசில், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது.