கரன்சியா, அக்கவுண்டிங்கா?
எக்செல்லில் ரூபாய்க் கணக்கு எழுத இரண்டு வடிவங்கள் உண்டு: கரன்சி, அக்கவுண்டிங். அக்கரைப்பற்றுப் பக்கம் அறுவடைக் காலத்து நெல் கொள்முதல் கணக்கு என்றால் நான் அக்கவுண்டிங்கைத்தான் சொல்வேன்.

கரன்சியில் ரூபாய்க் குறி எண்ணோடு ஒட்டி நிற்கும். 4,500.00க்கு ஓரிடம், 1,250,000.00க்கு வேறிடம் என்று குறி தள்ளித் தள்ளி விழும். நீளமான பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பது கஷ்டம். அக்கவுண்டிங்கில் குறி கட்டத்தின் இடது ஓரத்தில் வரிசையாக நிற்கும், தசமப் புள்ளிகளும் ஒரே நேராக வரும். பூச்சியம் சிறு கோடாகத் தெரிவதால், யாருக்குப் பாக்கி இல்லை என்பது பார்த்தவுடனே விளங்கும். வயல்காரருக்கு முன்னால் கணக்குச் சொல்லும்போது இந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும். அது அவர் ஒரு போகம் முழுக்கப் பாடுபட்ட காசு.

கரன்சிக்கும் ஒரு பலம் உண்டு. கழித்தல் தொகையைச் சிவப்பில் காட்டும்படி அதிலேயே தெரிவு செய்யலாம். ஒற்றைப் பில்லுக்கு அது போதும்.

எதை எடுத்தாலும் சரி, "ரூ." என்று கையால் தட்டாதீர்கள். பெரும்பாலும் அது எழுத்தாகிவிடும், கூட்டுத்தொகையில் சேராது. எண்ணை மட்டும் தட்டி, நிரலைத் தெரிவு செய்து, கண்ட்ரோலோடு 1 அழுத்தி வடிவத்தைக் கொடுங்கள். அப்புறம் கீழ்க் கட்டத்தில் ஆல்ட்டோடு = அழுத்தினால் கூட்டல் சூத்திரம் தானாக வரும்.