கில்லார்னி போனால் மக்ராஸ் பண்ணைகளை விட்டுவிடாதீர்கள்

கில்லார்னிக்கு வருகிறவர்கள் நிறையப் பேர் மக்ராஸ் மாளிகையைச் சுற்றிப் பார்த்து, ஏரிக்கரையில் நாலு படம் எடுத்துக்கொண்டு, டார்க் அருவிக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். மாளிகையை ஒட்டியே இருக்கும் பழைய பண்ணைகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளும் கூட வருகிறார்கள், எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி அயர்லாந்தில் ஒரு இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பண்ணைகளைத்தான்.

நாங்கள் இருப்பது கார்க்கில். அங்கிருந்து கில்லார்னி ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். மக்ரூம் ஊருக்குள் நுழையாமல் போகும் புதுச் சாலை 2023-ல் முழுதாகத் திறந்த பிறகு பயணம் இன்னும் சுலபம். டப்ளினிலிருந்து என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகும். அங்கிருந்து வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி வருவது நல்லது. கில்லார்னி ஊரிலிருந்து தெற்கே கென்மேர் போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் போனால் மக்ராஸ்.

முதலில் இது என்ன இடம் என்று சொல்லிவிடுகிறேன். 1930-களிலும் 40-களிலும், அதாவது கிராமங்களுக்கு மின்சாரம் வருவதற்கு முன்னால், கெரி மாவட்டத்தில் விவசாயக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதைக் காட்டுவதற்காக 1993-ல் திறந்த பண்ணைகள் இவை. சின்ன விவசாயி, நடுத்தர விவசாயி, பெரிய விவசாயி என்று மூன்று பேருடைய வீடும் தொழுவமும் வயலும் தனித்தனியாக இருக்கின்றன. நிலமில்லாத கூலிக்காரரின் குடிசையும், கொல்லன் பட்டறையும், தச்சுப் பட்டறையும் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதையில் நடந்து போக வேண்டும். நடக்கும்போதே அந்தக் காலத்து ஏற்றத்தாழ்வு கண்ணில் பட்டுவிடுகிறது. சின்ன வீட்டில் ஒரே அடுப்பைச் சுற்றித்தான் சமையலும் உட்காரலும் எல்லாமே. பெரிய விவசாயி வீட்டுக்குப் போனால் விருந்தாளிகளுக்கென்றே தனி அறை, நல்ல நாற்காலிகள், அலமாரி நிறையப் பீங்கான் தட்டுகள். யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பத்து வயது மகன் மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்ததும், “இவங்க பணக்காரங்களாம்மா?” என்று அவனாகவே கேட்டான்.

இந்த இடத்தின் உயிரே வீட்டுக்குள் இருக்கும் மனிதர்கள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையை நிறுத்தி, பக்கத்தில் ஒரு அட்டை எழுதி வைத்திருக்கும் அருங்காட்சியகம் இல்லை. கதவைத் தாண்டினால் உண்மையாகவே அடுப்பு எரிகிறது. அந்தக் காலத்து வீட்டுக்காரம்மா மாதிரி ஒருவர் வேலை செய்துகொண்டே பேசுகிறார். எரிப்பது விறகு இல்லை, டர்ஃப். சதுப்பு நிலத்தில் செங்கல் அளவுக்கு வெட்டியெடுத்து, வெயிலிலும் காற்றிலும் காயவைத்த மண் அது. ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீரில் ஊறி முழுதாக மக்காமல் கிடந்த செடிகொடிகள்தான் அப்படி ஆகியிருக்கின்றன. அந்தப் புகைக்கு ஒரு தனி வாசனை. காரில் வீடு திரும்பும்போதும் ஸ்வெட்டரில் இருந்தது.

நாங்கள் போன அன்று நடுத்தர விவசாயி வீட்டில் சோடா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பொள்ளாச்சிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர் என் அம்மா. இங்கே வந்ததிலிருந்து எந்தக் கோட்டையைக் காட்டினாலும் “நல்லாருக்குது கண்ணு” என்பதோடு முடித்துக்கொள்வார். இந்த வீட்டில் என்னை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துவிட்டார். “மோர் எவ்வளவு ஊத்துறாங்கன்னு கேளு கண்ணு. புளிச்ச மோரா, புது மோரா?”

புளித்த மோர்தான். கோதுமை மாவு, உப்பு, ஆப்ப சோடா, மோர், இவ்வளவுதான். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடனே மாவு பொங்க ஆரம்பித்துவிடும். அதனால் புளிக்க வைப்பது, ஊற வைப்பது எதுவும் கிடையாது. அழுத்திப் பிசையவும் கூடாது, ரொட்டி கல் மாதிரி ஆகிவிடும். அந்த அம்மா விரல்களை அகல விரித்துக் கிண்ணத்துக்குள் சுற்றினார், மாவு சேர்ந்ததும் நிறுத்திவிட்டார். வட்டமாகத் தட்டி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஆழமாக ஒரு கீறல். நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கீறல். வீட்டிலிருக்கும் குறளிகள் வெளியே போவதற்கும் அதுதான் வழி என்று இங்கே சொல்வார்களாம்.

அப்புறம் அதை மூன்று கால் வைத்த, அடி தட்டையான வார்ப்பிரும்புச் சட்டிக்குள் வைத்தார். பாஸ்டிபிள் என்று அதற்குப் பெயர். அடுப்புக்கு மேலே ஒரு இரும்புக் கை, கதவு திரும்புகிற மாதிரி இரண்டு பக்கமும் திரும்புகிறது. அதில் கொக்கியில் சட்டியைத் தொங்கவிட்டு, மேலேயும் கீழேயும் நகர்த்திச் சூட்டைக் கூட்டலாம் குறைக்கலாம். சட்டியை மூடியதும் இடுக்கியால் தணலை எடுத்து மூடிமேல் பரப்பினார். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் பிரியாணிக்குத் தம் போடுவார்களே, அதே வேலை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “இதுக்கு எதுக்குடி ஓவனு?” என்றார். அந்த அம்மாவுக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது. சூடான துண்டில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். மேல்தோல் மொறுமொறுவென்று, உள்ளே ஈரமும் லேசான புளிப்புமாக, கொஞ்சம் புகை வாசனையோடு இருந்தது. கார்க்கில் நல்ல பேக்கரிகள் இருக்கின்றன. இந்த ருசி அவற்றில் கிடைக்காது.

வெண்ணெய் கடைவதற்கு உயரமான மரத் தொட்டி. நடுவில் ஒரு கோல், அதை மேலும் கீழும் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடையும்போது யார் வீட்டுக்குள் வந்தாலும் கோலைப் பிடித்து ஒரு கை போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டு வெண்ணெயின் அதிர்ஷ்டத்தை எடுத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம் என்பது பழைய நம்பிக்கை. அதைக் கேட்டதும் என் சின்ன மகள் கோலை விடவே இல்லை.

பிள்ளைகளுக்கு மாடு, கழுதை, பன்றி, கோழி, வாத்து எல்லாம் பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும். கெரி மாடுகளை மறக்காமல் பாருங்கள். கருப்பாக, சின்னதாக, துறுதுறுவென்று இருக்கும். ஐரோப்பாவின் மிகப் பழைய மாட்டு இனங்களில் ஒன்று, இப்போது எண்ணிக்கையில் ரொம்பக் குறைந்துவிட்டது. பாறையும் சதுப்புமான மேய்ச்சல் நிலத்தில் பிழைத்துப் பால் கொடுக்கக்கூடியது என்பதால்தான் ஏழை விவசாயிகள் இதை வைத்துக்கொண்டார்கள். ஐரிஷ் ஓநாய் வேட்டை நாய்களும் உண்டு. அவற்றின் உயரத்தைப் பார்த்து முதலில் மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாய் படுத்த இடத்தை விட்டு அசையாததைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள்.

வீட்டு வாசல்களில் கதவு இரண்டு பாதியாக இருக்கிறது. கீழ்ப்பாதியை மூடினால் கோழி உள்ளே வராது, குழந்தை வெளியே போகாது. மேல்பாதி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும். வாசலுக்கு மேலே கோரையில் பின்னிய பிரிஜிட் சிலுவை. பிப்ரவரி 1-ம் தேதி, புனித பிரிஜிட் நாளுக்குச் செய்து மாட்டுவது. இப்படிச் சின்னச் சின்ன விஷயமாக நிறைய இருக்கிறது, அதனால் அவசரப்பட்டுப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பார்கள். கேள்வி கேட்கிற ஆளாக இருந்தால் மூன்று மணி நேரம் தாராளமாக ஆகும். கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அடுப்பருகே சும்மா நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இங்கே பாதிதான் கிடைக்கும்.

இது ஏதோ பழங்காலக் கதை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அயர்லாந்தின் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலை தொடங்கியதே 1946-ல்தான். கில்லார்னி மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிளாக் வேலிக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது 1970-களின் பிற்பாதியில். என் மகனிடம் இதைச் சொன்னதும், “அப்ப பாட்டி ஊருக்கு இதுக்கு முன்னாடியே கரண்ட் வந்துருச்சா?” என்று கேட்டான். ஆமாம், அம்மா பிறந்த ஊருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது.

மாளிகையையும் சொல்லிவிடுகிறேன். 1843-ல் ஹெர்பர்ட் குடும்பம் கட்டியது. விக்டோரியா மகாராணி 1861-ல் வந்து தங்கினார். நெருப்புக்குப் பயந்தவர் என்பதால் அவருக்குத் தரைத்தளத்திலேயே படுக்கையறை ஏற்பாடு செய்தார்களாம். அவரை வரவேற்கச் செய்த செலவும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளி, கடைசியில் மாளிகை கைமாறிப் போனது. பிறகு கலிஃபோர்னியாவைச் சேர்ந்த போர்ன் குடும்பம் மாட் (Maud) என்ற தங்கள் மகளின் திருமணப் பரிசாக 1911-ல் வாங்கியது. மாட் இறந்த பிறகு, 1932-ல் குடும்பமே அதை அயர்லாந்து மக்களுக்குக் கொடுத்துவிட்டது. நாட்டின் முதல் தேசியப் பூங்கா உருவானது அப்படித்தான். நல்ல மாளிகை, பழைய பொருட்களில் ஆர்வம் இருந்தால் போகலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே ஒன்றும் தொடக் கிடையாது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் யோசிக்காமல் பண்ணைகளுக்குப் போங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டும் இருக்கிறது. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை; மே, ஜூன் மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும். அதே செடியின் ஒரு வகை காட்டுக்குள் பரவி, கில்லார்னியின் பழைய ஓக் மரங்களுக்கு அடியில் புதுக்கன்று எதுவும் முளைக்க விடாமல் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

குறை என்று பார்த்தால், பண்ணைகள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. கோடையில் தினமும் உண்டு, அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்கள் வார இறுதியில் மட்டும். கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் தேதியும் கட்டணமும் பார்த்துவிடுங்கள். பாதை ஏற்ற இறக்கமாக இருக்கும், தள்ளுவண்டியைத் தள்ளக் கை வலிக்கும். பெரியவர்களைக் கூட்டிப் போனால், உள்ளே சுற்றிக் கொண்டுபோகும் பழைய காலத்துப் பேருந்து அன்று ஓடுகிறதா என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மழை. கெரியில் மழைக்கோட்டு இல்லாமல் வண்டியை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். ஆனால் மழை வந்தால் திரும்பிவிடாதீர்கள். தூறலில் நனைந்துகொண்டே போய் அடுப்பு எரிகிற வீட்டுக்குள் நுழையும்போதுதான் அந்த வீடுகள் ஏன் அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதே புரிகிறது.

பன்ராட்டிக்குப் போயிருக்கிறோமே, இதுவும் அதேதானே என்று ஒரு தோழி கேட்டார். கிளேர் மாவட்டத்துப் பன்ராட்டியில் கோட்டை இருக்கிறது, பழைய கடைத்தெரு ஒன்றையே எழுப்பியிருக்கிறார்கள், பார்க்க அதிகம். அதுவும் நல்ல இடம்தான். எனக்கு மக்ராஸ் பிடிப்பதற்குக் காரணம், இங்கே வீடுகளுக்கு நடுவில் உண்மையான வயல் இருக்கிறது, பின்னால் மாங்கர்ட்டன் மலையும் டார்க் மலையும் நிற்கின்றன. இந்த மண்ணில் இப்படித்தான் பிழைத்தார்கள் என்பதை நம்ப முடிகிறது.

சாப்பாட்டுக்கு உள்ளேயே உணவகம் இருக்கிறது, சூப்பும் ரொட்டியும் கேக்கும் கிடைக்கும். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய் மாளிகைக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் விரித்து உட்கார்ந்தோம். குதிரை வண்டியில் போக ஆசை இருந்தால், ஏறுவதற்கு முன்னாலேயே எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுகிறவரை இங்கே ஜார்வி என்பார்கள். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வருவார், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

காலையில் திறந்தவுடன் பண்ணைகளுக்குப் போய்விடுங்கள், அப்போது வீடுகளில் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மாளிகையோ தோட்டமோ. டார்க் அருவிக்கு அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் களைத்துவிட்டால் அதை விட்டுவிடலாம், இருபது மீட்டர் அருவி நல்ல மழைக்கு மறுநாள்தான் பார்க்கத் தகுந்ததாக இருக்கும்.