காப்பர்பேண்ட்: பார்த்து வாங்கி, பக்கத்திலிருந்து ஊட்டி வளர்க்க வேண்டிய மீன்

காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் பிழைக்குமா என்பது பெரும்பாலும் அது நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. சிங்கப்பூரில், வீவக வீட்டுக் கூடத்தில் பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டி வைத்து, அதில் இந்த மீனைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். தண்ணீர், விளக்கு, கழிவை அகற்றும் ஸ்கிம்மர் எல்லாமே முக்கியம்தான். ஆனால் கடையில் இரை எடுக்காத காப்பர்பேண்டை எவ்வளவு நல்ல தொட்டியில் விட்டாலும் நாளுக்கு நாள் மெலிந்து செத்துப்போகும். சாப்பிடுகிற மீன் கிடைத்துவிட்டால் அது தரும் சந்தோஷம் சொல்லி மாளாது. தொட்டியில் எத்தனை மீன் இருந்தாலும் வீட்டுக்கு வருகிறவர்களின் கண் முதலில் போய் நிற்பது இதன்மேல்தான்.

வெள்ளை உடம்பில் மேலிருந்து கீழாக இறங்கும் செம்பு மஞ்சள் பட்டைகள், முதுகுத் துடுப்பின் பின்பக்கம் பொய்க் கண்ணாக ஒரு கரும்புள்ளி, முன்னால் நீண்டு மெலிந்த மூக்கு. அறிவியல் பெயர் செல்மான் ராஸ்ட்ரேட்டஸ். 1758-லேயே லின்னேயஸ் பதிவு செய்த இனம். 20 செ.மீ. வரை வளரும். அந்தமான் கடலிலிருந்து ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியும் உண்டு. புலாவ் ஹந்துப் பக்கம் முக்குளிப்பவர்கள் கலங்கிய தண்ணீரிலும் இதைப் பார்க்கிறார்கள்.

அந்த மூக்கைப் பாறை இடுக்குகளில் நுழைத்து, புழுக்களையும் சின்னச் சின்ன இறால் வகைகளையும் பிடித்துத் தின்பதுதான் இதன் பிழைப்பு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வீட்டில் இதை வளர்க்க முடிவதும் இதனால்தான். பவளப் பாலிப்புகளை மட்டுமே நம்பி வாழும் சேட்டோடான் ட்ரைஃபாசியாலிஸ், சேட்டோடான் மெயரி போன்ற இனங்களும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன. அழகில் மயங்கி அவற்றை வாங்காதீர்கள். அவற்றுக்குப் போட நம்மிடம் இரையே கிடையாது.

இனி, தேடும் வேலை. சிராங்கூன் நார்த் பக்கம் மீன் கடைகள் வரிசையாக இருப்பதால் ஒரே மாலையில் பல கடைகளைப் பார்த்துவிடலாம். காப்பர்பேண்ட் அரிதான மீனும் அல்ல, இந்தோனேசியாவிலிருந்து அடிக்கடி வரும். ஆனால் வந்து இறங்கிய உடனே வாங்கக்கூடாது. நான் கடையில் சொல்வது ஒன்றே ஒன்று: "அண்ணே, கொஞ்சம் மைசிஸ் போட்டுக் காட்டுங்க." மைசிஸ் என்பது உறைய வைத்து விற்கும் பொடி இறால் போன்ற தீனி. நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் வழக்கமாகப் போகும் கடையில் ஊழியர் ஒருவர், "இது முந்தாநாள்தான் வந்துச்சு தம்பி, இன்னும் வாய் வைக்கல. அடுத்த வாரம் வாங்க, தின்னா எடுத்து வைக்கிறேன்" என்று திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்டவரிடம்தான் வாங்க வேண்டும்.

இரை போடும்போது அது அதைப் பார்த்துத் திரும்புகிறதா, கிட்டப் போகிறதா, வாய்க்குள் எடுத்து விழுங்குகிறதா, எடுத்த பிறகு துப்புகிறதா என்று நின்று கவனிக்க வேண்டும். பல மீன்கள் எடுத்துத் துப்பிவிடும். அதைச் சாப்பிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. அடுத்தது முதுகு. தலைக்குப் பின்னால், கண்ணுக்கு மேல் இருக்கும் சதை உள்வாங்கியிருந்தால் அது வெகுநாள் பட்டினி கிடந்த மீன். வயிறு ஒட்டியிருப்பதைக்கூடச் சில சமயம் தேற்றிவிடலாம்; முதுகுச் சதை கரைந்துவிட்டால் மீள்வது கடினம். மூக்கு நுனியையும் அருகில் போய்ப் பாருங்கள். வலையிலும் பையிலும் இடித்துப் புண்ணாகியிருந்தால், பசித்தாலும் அதனால் கொத்த முடியாது. மூச்சு வேகம், உடம்பை மணலில் தேய்த்துக்கொள்வது, கண்ணில் மூட்டம் ஆகியவை மற்ற மீன்களுக்குப் பார்ப்பது மாதிரியேதான்.

அளவில் 8 முதல் 10 செ.மீ. வரை உள்ளதையே தேர்ந்தெடுப்பேன். அதைவிடக் குட்டி சில நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. பெரியது கடல் வாழ்க்கைக்குப் பழகிவிட்டதால் உறைந்த தீனியை ஏறெடுத்தும் பார்க்காமல் இருக்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவை விலை கூட. நான் பார்த்தவரை அவை சீக்கிரம் தீனிக்கு வருகின்றன, கூடுதலாகக் கொடுக்கும் காசு வீணில்லை. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் சயனைடு தெளித்து மீன் பிடிக்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அப்படிப் பிடிபட்ட மீன் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தே பிறகு செத்துவிடுவதுண்டு. எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால் வீண் விசாரணை அல்ல. கடையில் வலைக்குப் பதிலாகப் பெட்டியை வைத்து மொண்டு எடுக்கச் சொல்லுங்கள். முதுகு முட்கள் கூர்மையானவை, வலையில் சிக்கினால் மூக்குக்கும் சேர்ந்து சேதம்.

வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டிதான். என்னுடையது சின்னத் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள், பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர், அவ்வளவுதான். காப்பர்பேண்டின் மேல் தட்டைப்புழு ஒட்டியிருப்பது சகஜம். அதே வெப்பநிலையும் பிஎச்சும் (அமில-கார அளவும்) உள்ள உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டால், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தவை வெளுத்து எள்ளு எள்ளாக அடியில் உதிர்வதைப் பார்க்கலாம். முதன்முறை பார்க்கும்போது பதறிப்போவீர்கள். இதற்கு பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து போதும், அந்த மருந்தை இந்த மீன் நன்றாகவே தாங்குகிறது. வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்க்குத் தாமிர மருந்துதான் வழி என்றால், டெஸ்ட் கிட்டை வைத்துக்கொண்டு அளவைச் சில நாட்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும். பவளம் இருக்கும் தொட்டியில் தாமிரம் ஒரு சொட்டுக்கூட போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பெரிய தொட்டி என்னிடம் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், ஏறத்தாழ 450 லிட்டர். இதற்குக் கீழே இந்த மீனுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். லைவ் ராக் (உயிரினங்கள் குடியேறிய கடல் பாறை) நிறைய இருந்து, சின்னப் பூச்சிகளும் புழுக்களும் பெருகிய, ஒரு வருடமாவது ஓடிய தொட்டியாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் தண்ணீர் 26 டிகிரியில் நிற்காது. குழாய்த் தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி இருப்பதால் அதையும் மற்றக் கரைசல்களையும் நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டி கட்டாயம். உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தி 1.025.

தீனி பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஈரச்சந்தையில் லாலா மட்டி வாங்கி, ஃப்ரீசரில் சில நாள் உறைய வைத்து, ஓட்டைப் பிளந்து பாதி ஓட்டோடு பாறை இடுக்கில் செருகி வைப்பேன். புது மீன் முதலில் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் அதை வெகுநேரம் பார்க்கும். கிட்ட வரும், பின்வாங்கும், மறுபடி வரும். பிறகு மூக்கு நுனியால் மட்டிச் சதையின் ஓரத்தை ஒரு தடவை இழுத்துப் பார்க்கும். அந்த முதல் இழுப்பு நடந்துவிட்டால் என் கவலை பாதி குறைந்துவிடும். கடலில் எப்படி இடுக்கிலிருந்து பிடுங்கித் தின்றதோ அதே வேலையை இங்கேயும் செய்வதால்தான் மட்டி இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது என்று நினைக்கிறேன். அதையும் தொடாவிட்டால் உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். அது துள்ளி ஓடுவதைப் பார்த்தால் பெரும்பாலும் துரத்தும். ஆனால் அதில் சத்து குறைவு, ஆகவே அதிலேயே நின்றுவிடாமல் மைசிஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும்.

மட்டி மட்டுமே போட்டுக்கொண்டிருப்பதும் சரியல்ல. சில மட்டி வகைகளில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் இருக்கிறது. அதனால் மைசிஸ், நறுக்கிய இறால், மீன் முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, வைட்டமினில் ஊறவைத்தும் போடுகிறேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரே வேளையில் நிறையக் கொட்டினால் இது தின்னாது, மிச்சம் அழுகி நைட்ரேட்தான் ஏறும். இது நிதானமாகப் பார்த்துப் பார்த்துத் தின்கிற மீன்; ஆந்தியாஸும் குரோமிஸும் போன்ற வேகமான மீன்கள் அதற்குள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். தொட்டியின் ஒரு மூலையில் அவற்றுக்கு முதலில் தூவிவிட்டு, மறு மூலையில் நீளப் பிப்பெட்டால் காப்பர்பேண்டின் மூக்குக்கு நேராகவே விடுவேன். இப்போது பிப்பெட்டைக் கையில் எடுத்தாலே கண்ணாடியோரம் வந்து நிற்கிறது.

கூட இருப்பவர்கள் விஷயத்திலும் கவனம் தேவை. இரண்டு காப்பர்பேண்டை ஒன்றாக விட்டால் சண்டை நிச்சயம். எல்லோ டேங் என்ற மஞ்சள் மீன் ஏற்கெனவே இருக்கும் தொட்டியில் காப்பர்பேண்டைப் புதிதாக விடும்போது, டேங் அதை வாலால் வெட்டப் பார்க்கும். புது மீனைத் துளையிட்ட பெட்டியில் சில நாள் தொங்கவிட்டு முகம் பழக்கிய பிறகு திறந்துவிடுவதே நல்லது.

தொட்டியில் களையாகப் பெருகும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியைத் தின்னும் என்பதற்காகவே பலர் காப்பர்பேண்டை வாங்குகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. என் மீன் சின்ன ஐப்டேசியாக்களைத் தின்றது, பெரியவற்றைச் சீண்டவே இல்லை. தொடாத மீன்களும் ஏராளம். அந்தப் பிரச்சினைக்குப் பெப்பர்மின்ட் இறாலோ பெர்கியா கடல் நத்தையோ போதும். ஒரு வேலைக்காக இவ்வளவு மென்மையான உயிரைக் கொண்டுவந்து பட்டினி போட வேண்டியதில்லை. விசிறிப் புழுக்கள் மட்டும் மிஞ்சாது, அவற்றை மறந்துவிடுங்கள். அக்ரோபோரா பவளத்தையும் சோவாந்தஸ் பாலிப்புகளையும் என் மீன் தொட்டதில்லை. சதைப்பற்றான எல்பிஎஸ் (பெரிய பாலிப்புள்ள) பவளங்களையும் டிரைடாக்னா என்ற ராட்சத மட்டியையும் சில காப்பர்பேண்டுகள் கொத்தும்.

துடுப்பு ஓரத்தில் வெள்ளையாக, காலிஃபிளவர் வடிவில் முடிச்சு வந்தால் பயப்பட வேண்டாம். லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ் தொற்று அது, இந்த இனத்தில் அடிக்கடி வரும். மருந்தில்லை, நல்ல தீனியும் தொந்தரவில்லாத சூழலும் இருந்தால் தானாகவே உதிர்ந்துவிடும். என் மீனுக்கும் வந்து போனது.

ஊருக்குப் போவதுதான் பெரிய சிக்கல். தானியங்கித் தீனிப் பெட்டி உலர்ந்த தீனியைத்தான் போடும், இதற்கு அது ஆகாது. வேளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் மைசிஸும் மட்டியும் பிரித்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, பக்கத்து புளோக்கில் இருக்கும் என் அக்கா மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பிப்பெட் பிடிக்க அவனுக்கு நன்றாகவே கை வந்துவிட்டது. அப்படி நம்பிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள், அடிக்கடி பயணம் போகிறவர்கள், இந்த மீனைக் கடையிலேயே ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.